ராகலை வட்டாரத்தில் விவசாய மானியமும் மண் பாதுகாப்பும்

ராகலை இலங்கையின் மத்திய மலைநாட்டுச் சிறு பட்டணங்களில் ஒன்று. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பிரதேசத்தில், நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகப் போகும் பாதையில் இருக்கிறது. மேலே தேயிலை மலை, பள்ளத்தில் மரக்கறித் தோட்டம், இன்னும் இறங்கினால் வலப்பனைக் கிராமங்களின் வயல். இந்த மூன்றுக்கும் அரசாங்க உதவி வந்திருக்கிறது. காணி யார் பெயரில் இருந்ததோ, அவர் கைக்கே போயிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கம் வலப்பனைக் கிராமத்தானிடம் வந்தது வரி வாங்கத்தான். 1880களில் நெல்வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. அதனால் பட்டினியிலும் நோயிலும் பலர் செத்ததை நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் எழுதினார். சர்ச்சை லண்டன் வரை போனது. 1893 முதல் நெல்வரி நீக்கப்பட்டது. அதே அரசாங்கம் தோட்டத் துரைமாரிடம் தாராளமாக நடந்துகொண்டது. நானுஓயாவிலிருந்து ராகலை வரை சிறுபாதை ரயில் போட்டுக் கொடுத்தது. 1904 வாக்கில் ராகலைக்கு வந்த அந்த ரயில் 1940களில் நின்றுபோனது. மானியம் என்று யாரும் அதை அழைக்கவில்லை. ஆனாலும் இந்த வட்டாரம் கண்ட முதல் பெரிய விவசாய உதவி அதுதான்.

மண் பாதுகாப்பின் கதை 1873இல் தொடங்குகிறது. கியூ தாவரப் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக் கொடுப்பதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அதற்குள் கோப்பி பல மலைகளை மொட்டையடித்துவிட்டது. பின்னால் வந்த தேயிலையில் புல் ஒன்றும் தெரியக்கூடாது என்பது துரைமாரின் பிடிவாதம். சுரண்டியால் புல்லை வழிக்கும்போது மேல்மண்ணும் சேர்ந்து வந்தது. அடுத்த மழை அதை ஓடைக்குக் கொண்டுபோனது. 1931இல் மண்ணரிப்புக் குழு அறிக்கை தந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமான அது, மண்ணரிப்புக்கு உள்ளாகும் நிலங்களைப் பிரகடனப்படுத்தவும், அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று விதிக்கவும் அதிகாரம் தந்தது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது, கல் வரம்பு கட்டுவது, மண்ணை மூடும் பயிர் போடுவது என்பன தோட்டத்து ஆட்களுக்குப் புதிய வேலைகளல்ல. கான் வெட்டியே முதுகு கூனிப்போனவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தார்கள்.

அதே 1951இல் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளியாயிற்று. தோட்டங்களால் சூழப்பட்டு நெருக்கப்பட்ட சிங்களக் கிராமங்களுக்குக் காணியும் வீதியும் பாடசாலையும் வேண்டும் என்றது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அந்த நியாயத்துக்கு வெளியே நின்றார்கள்.

1958ஆம் ஆண்டின் தேயிலை மானியச் சட்டத்தோடு மறுநடுகைக்குப் பணம் வந்தது. பழைய விதைத் தேயிலையை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட வேண்டும். உடனே நட முடியாது. மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மண்ணைத் தேற்ற வேண்டும். வெட்டிய புல்லை அங்கேயே பரப்பி மக்க விட வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கொழுந்து இல்லை, வருமானம் இல்லை. மானியம் அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கான கைத்தடி. வேலை முடிந்த கட்டத்துக்குக் கட்டம் பார்த்துத் தவணையாகத் தரப்பட்டது. சிறுதோட்டக்காரருக்கென 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி அதிகார சபையும் அமைந்தது. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது என்றால் அந்தத் தவணைகளுக்கும் அதில் பங்குண்டு.

மரக்கறிக்காரருக்குக் கிடைத்த பெரிய உதவி பணமாக வரவில்லை. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டது, விலை ஏறியது. நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் கால் வைக்க இடமுள்ள சரிவெல்லாம் கிழங்குப் பாத்தியாயிற்று. 1996இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் அடி விழுந்தது. பிறகு உள்ளூர் அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியை உயர்த்துவதே அரசாங்கத்தின் வழக்கமாயிற்று. இதில் ஒரு முரண் உண்டு. ஒரு கையால் மண்ணைக் காக்கச் சட்டம் போட்ட அரசாங்கம், மறு கையால் அதே மண்ணை வருடத்தில் இரண்டு மூன்று தடவை கிளறவைத்தது.

கிளறிய மண் மகாவலி ஆற்றில் சேர்ந்தது. அந்த ஆற்றில் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்கள் எழுந்து, மண் படிந்து அவை தூர்ந்துவிடும் என்ற கவலை வந்தபோதுதான் மேட்டுநிலத்து மண்ணுக்கு மதிப்பு வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஜெர்மன் உதவியோடு மேல் மகாவலி நீரேந்து பகுதித் திட்டமும், 1990களின் கடைசியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு இன்னொரு திட்டமும் வந்தன. இருந்தும் 2007 ஜனவரி மழையில் வலப்பனை, ஹங்குரன்கெத்தப் பகுதிகளில் மலை சரிந்து உயிர்கள் போயின.

அடுத்த அடி அரசாங்கத்திடமிருந்தே வந்தது: 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டு 25 கோடிக்கு இறங்கியது.

லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போடும் தோட்டத் தொழிலாளியை மேலே சொன்ன உதவிகளில் எதுவும் நேராகத் தேடி வரவில்லை. கமநல சேவை நிலையத்தில் விவசாயியாகப் பதியக் காணியின் மீது ஏதேனும் உரிமை காட்ட வேண்டும். அவர் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனபோதும், அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கக்கூட இடையூறாக இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அண்மைய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தது; வீடு கட்டிய பின் மிஞ்சியது இரண்டு மூன்று பாத்தி. சுற்றியுள்ள மலைகளில் கம்பனிகளின் குத்தகை 2045 வரை இருக்கிறது.