உலக அமெச்சூர் கிக்பாக்சிங்: ஆண்கள் ஹெவிவெயிட் பிரிவு

உலகக் கிக்பாக்சிங் அமைப்புகளின் சங்கமான வாகோ நடத்தும் அமெச்சூர் சாம்பியன்ஷிப்புகளில், ரிங்குக்குள் மோதும் ஆண்களுக்கான எடைப் பிரிவுகளில் ஒன்று ஹெவிவெயிட். 86 கிலோவுக்கு மேல் 91 கிலோ வரை எடையுள்ளவர்கள் இதில் இறங்குகிறார்கள். அதற்கும் மேற்பட்டவர்களுக்கு சூப்பர் ஹெவிவெயிட் தனியாக உண்டு.

இந்த விளையாட்டின் வேர் கராத்தேயில் இருக்கிறது. எதிராளியின் உடலைத் தொடுவதற்கு முன்பே அடியை நிறுத்திவிடும் போட்டிமுறை பல வீரர்களுக்கு அலுத்துப்போயிருந்த காலம் அது. 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலீசில் முழுவேகத்தில் அடிக்க அனுமதித்து நடந்த தொழில்முறைப் போட்டியில் அமெரிக்கரான ஜோ லூயிஸ் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். கைக்கும் காலுக்கும் ஜூன் ரீ உருவாக்கிய பஞ்சுறைகள்தான் அப்படி அடிப்பதைச் சாத்தியமாக்கின. போட்டியை நடத்திய மைக் ஆண்டர்சனோடு தொடர்பிலிருந்த பெர்லின்காரர் கியோர்க் ப்ரூக்னர் அந்த முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1976-இல் வாகோ உருவானது. அதன் முதல் உலகப் போட்டி 1978-இல் மேற்கு பெர்லினில் நடந்தது.

91 கிலோ என்ற வரம்பு குத்துச்சண்டை ரசிகர்களுக்குப் பழக்கமானது. 1984 ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் சேர்ந்தபோது, ஹெவிவெயிட்டின் உச்சவரம்பு அங்கும் இதே அளவில்தான் நின்றது. கிக்பாக்சிங்கில் இந்த வரம்பு கூடுதல் பொருள் கொண்டது. காலைத் தலை உயரத்துக்குத் தூக்கும் லாகவமும், ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் பலமும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை இந்தப் பிரிவில் பார்க்கலாம். இடுப்புக்கு மேல் மட்டுமே உதைக்க அனுமதிக்கும் ஃபுல் காண்டாக்ட் முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சுற்று 2 நிமிடம், மொத்தம் 3 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 6 உதைகள் விட்டாக வேண்டும். அதை எண்ணுவதற்கென்றே ரிங்கின் ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் சுற்றில் கை மட்டும் வீசி ஒப்பேற்றலாம் என்று நினைக்கும் பெரிய உடம்புக்காரருக்குப் புள்ளி போய்விடும். தொடையில் உதைக்க அனுமதிக்கும் லோ கிக், முழங்காலையும் சேர்த்துக்கொள்ளும் கே-1 ஆகியவற்றில் சண்டையின் நெருக்கம் வேறு மாதிரி. ஆனாலும் அமெச்சூர் என்பதால் தலைக்கவசமும் கணைக்கால் கவசமும் கட்டாயம்.

கனத்த எடைகளில் உதையின் வலிமை என்ன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1992-இல் பல்கேரியாவின் வார்னாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், உக்ரைனின் வித்தாலி கிளிச்கோவை பிரிட்டனின் பெலே ரீட் சுழன்று விட்ட ஓர் உதையால் தாடையில் தாக்கி நாக் அவுட் செய்தார். பிறகு தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போன கிளிச்கோ உலகப் பட்டம் வென்றார்; அங்கே ஆடிய 47 போட்டிகளில் ஒருமுறைகூட அவர் கீழே விழவில்லை. குத்துச்சண்டையில் அவரை எதிர்த்த லெனாக்ஸ் லூயிஸின் கைகளால் ஆகாததை ரீடின் கால் செய்திருந்தது.

வாகோவுக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தற்காலிக அங்கீகாரம் 2018-இலும் முழு அங்கீகாரம் 2021-இலும் கிடைத்தன. 2022-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில் கே-1 முறையில் ஆண்களுக்கு 63.5, 75, 91 கிலோ என மூன்றே பிரிவுகள் வைக்கப்பட்டன. ஹெவிவெயிட்காரர்களுக்கு இடம் கிடைத்தது. 91-ஐத் தாண்டியவர்களுக்கு அங்கே ரிங்கே இல்லை.