இரண்டு மாத ஆய்வும் வாசலில் நிற்கும் மாணவரும்

இளநிலை மாணவர்களுக்கான குறுங்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979-இல் தொடங்கியது. மருத்துவ மாணவர்களை முன்னிறுத்தித் தொடங்கிய அத்திட்டத்தில் பி.டி.எஸ். மாணவர்களும் பின்னர் இடம்பெற்றனர். மாணவர் தம் கல்லூரியிலேயே ஒரு நெறியாளரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியை வகுத்து எழுதி அனுப்ப வேண்டும். ஏற்கப்பட்டால் இரண்டு மாதம் ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறை ஆய்வு என்று வழங்குவதற்கு நம்மிடம் உள்ள நிகர் இதுவே. நம் கோடை பல இடங்களில் தேர்வுக் காலமாகவும் இருப்பதால், பெயரில் கோடை இல்லாமற்போனதும் பொருத்தமே.

பல் மருத்துவ மாணவர் பலருக்கு ஆராய்ச்சி என்பது பாடநூலுக்கு வெளியே முதன்முறை எதிர்ப்படும் இடம் இது. ஆனால் அதே வளாகத்தில் டென்டல் ஹைஜீனிஸ்ட் பட்டயப் படிப்பு பயிலும் மாணவருக்கு இங்கு இடமில்லை. திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு மட்டுமே உரியது. விதி அப்படி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். விதி அப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றியதே இப்பதிவு.

மொழியியல் ஆய்வாளனுக்குப் பல்லோடு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தகரமும் நகரமும் பிறக்க மேற்பல்லின் அடி வேண்டும் என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலே பேசுகிறது. இங்கிலாந்தில் ஹரால்டு ஆர்ட்டனின் வட்டார வழக்கு அளவாய்வுக்குத் தகவலாளிகளைத் தேர்ந்தபோது, நல்ல பல்வரிசை உடையவரா என்பதும் பார்க்கப்பட்டது. பல் போனால் சொல் போச்சு என்பது எங்கள் துறையில் பழமொழி மட்டுமன்று, களப்பணி விதியும்கூட.

இனி வரலாற்றுக்கு வருவோம். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்னும் தொழில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தது. ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பற்காரை அகற்றவும் பல்லை மெருகிடவும் கற்றுக்கொடுத்தார். 1913-இல் முதல் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பயிற்சி முடித்து வந்த பெண்கள் எங்கே சென்றனர் என்பதே நமக்கு முக்கியம். அவர்களில் பலர் நகரின் பொதுப்பள்ளிகளுக்குச் சென்றனர். ஐந்தாண்டுக் காலம் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, துலக்கக் கற்றுக்கொடுத்து, சொத்தையைக் குறித்து வைத்தனர். தடுப்புப் பணியால் சொத்தை குறையுமா என்ற கேள்விக்கு விடை தேடிய முயற்சி அது. ஆக, அந்தத் தொழில் பிறந்தபோது சேவையும் சோதனையும் ஒன்றாகவே பிறந்தன. கருவியைப் பிடித்த கையே குறிப்பேட்டையும் பிடித்திருந்தது.

பாஸ்டன் நகரின் ஃபோர்சித் பல் மருத்துவமனை 1916-இல் ஹைஜீனிஸ்டுகளுக்கான பள்ளியைத் தொடங்கியது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்ற ரஃபியுத்தீன் அகமது என்ற வங்காள இளைஞர் அதே ஆண்டுகளில் அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தார். நாடு திரும்பிய அவர் 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்கான செலவுக்குக் கைகொடுத்தது அவர் நடத்திய ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற ஐஸ்கிரீம் கடை. (இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம் வளர்ந்தது என்று இதைச் சொல்லிச் சிரிக்காத பல் மருத்துவ ஆசிரியர் குறைவு.) 1925-இல் அவர் ‘இந்தியப் பல் மருத்துவ இதழ்’ தொடங்கினார். கல்லூரி தொடங்கி ஐந்தே ஆண்டில் ஆய்விதழ் ஒன்று தேவை என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. கல்லூரி வந்தது, இதழ் வந்தது. ஃபோர்சித்தில் அவர் காலத்தில் முளைத்த மூன்றாவது உறுப்பு, பள்ளிக்குச் சென்று எண்ணிக் குறிக்கும் ஹைஜீனிஸ்ட், அதே வேகத்தில் வரவில்லை.

சட்டத்தில் அந்தப் பெயர் வந்தது 1948-இல். பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்டுக்கு ஒரு வரையறை தருகிறது. அதன் இலக்கணத்தைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் எதிர்மறை வருகிறது: பல் மருத்துவரோ பிற மருத்துவரோ அல்லாதவர். பிறகு வினைகள் வருகின்றன: காரை அகற்றுதல், சுத்தம் செய்தல், மெருகிடுதல், பல் சுகாதாரம் பற்றி அறிவுறுத்துதல். காணுதல், கண்டதைக் குறித்தல் என்பவற்றுக்கு அங்கே வினைச்சொல்லே இல்லை. சட்ட வரையறை ஒருவரின் அறிவை அளப்பதற்காக எழுதப்படுவதன்று. எதைச் செய்ய அனுமதி என்பதற்காக எழுதப்படுவது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுமதிப் பட்டியல் காலப்போக்கில் ஆளின் அடையாளமாகவே இறுகிவிடும். பாடத்திட்டமும் உதவித்தொகை விதியும் அந்த அடையாளத்தின்மேல்தான் கட்டப்பட்டன என்பது என் வாசிப்பு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வைப்பதற்காக, 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. தகுதி விதிகளைத் திரும்பிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வேளை அமையாது.

இதற்கிடையில் இந்தியாவில் பல் பற்றிய பெரிய கேள்வி ஒன்று பல் மருத்துவக் கல்லூரிக்கு வெளியே எழுந்திருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் சில ஊர்களில் மக்களின் பல் பழுப்பேறியிருந்தது. நடுவயதிலேயே முதுகெலும்பு விறைத்து வளைந்தவர்களும் இருந்தனர். கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம் என்று 1937-இல் கட்டுரைகள் வெளிவந்தன. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகியோர் அவ்வாய்வில் பங்கேற்றவர்கள். அந்தப் பண்டிட்தான் பின்னர் ஐ.சி.எம்.ஆரின் முதல் இயக்குநரானார். குறுங்கால உதவித்தொகை தரும் நிறுவனத்தின் முதல் தலைவர், ஊர் ஊராகப் பல்லையும் நீரையும் பார்த்த ஆய்வில் பங்கேற்றவர் என்பதை இன்று விண்ணப்பிக்கும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இதே கேள்வியின் அமெரிக்கக் கிளையும் ஓர் இளைஞரிடம் தொடங்கியதே. பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1901-இல், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவராக வந்த ஃபிரடெரிக் மக்கே, ஊராரின் பழுப்புப் பல்லைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். 1923-இல் ஐடஹோவின் ஓக்லி என்ற ஊரில், புதிய குழாய் நீர் வந்த பிறகே பிள்ளைகளின் பல்லில் கறை தோன்றியதாகப் பெற்றோர் கூறினர். நீரை மாற்றுங்கள் என்றார் மக்கே. மாற்றினார்கள். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்குக் கறையற்ற நிலைப்பற்கள் முளைத்தன. புளோரைடு என்ற பெயரே அப்போது அவருக்குத் தெரியாது. வேதியியலாளர் சர்ச்சில் அதைக் கண்டறிந்தது 1931-இல். மக்கேயிடம் இருந்தவை இரு கண்ணும் ஒரு பட்டியலும்தான்.

எனாமல் உருவாகும் சிறுவயதில் மட்டுமே புளோரைடு அந்தக் கறையை உண்டாக்கும். உருவாகி முடிந்த எனாமல் பின்னர் மாறுவதில்லை. ஆகவே ஒரு பத்து வயதுச் சிறுமியின் முன்பல் அவள் சிறுவயதில் குடித்த நீரின் ஆவணம். டிரெண்ட்லி டீன் 1934-இல் வகுத்து 1942-இல் திருத்திய குறியீட்டைக் கொண்டு அந்த ஆவணத்தை வெளிச்சத்தில் நின்றபடியே வாசிக்கலாம். பயிற்சி பெற்ற கண் போதும். ஆய்வகம் வேண்டியதில்லை.

இரண்டு மாதம் எதற்குப் போதும் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஒரு சிகிச்சையின் பயனைத் தொடர்ந்து பார்க்க இரண்டு மாதம் போதாது. இதனாலேயே இளநிலை மாணவர் பலர் வினாத்தாள் ஆய்வுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள்: எத்தனை பேர் இருவேளை துலக்குகிறார்கள், எத்தனை பேருக்கு ஃபிளாஸ் தெரியும். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் விடை முன்பே தெரிந்த கேள்விகள் இவை. நூறு பேரிடம் கேட்டு விழுக்காடு போட்டால் அறிக்கை ஆகிவிடும். புதிதாக ஒன்றும் தெரியவராது. இது மாணவரின் குறையன்று. நல்ல கேள்வியைக் கையில் கொடுக்காமல் நெறிமுறைக் குழுவின் படிவத்தை மட்டும் கொடுக்கும் நெறியாளர்களின் குறை.

நல்ல கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதற்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வாண்டுக்குப் பின் பிறந்தவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது முன்பற்கள் முழுதாக முளைத்துவிட்டன. ஒரே பள்ளியில் எட்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் டீன் குறியீட்டால் ஒப்பிட்டால், குழாய் எந்த ஊருக்கு உண்மையில் சென்றது, எந்த ஊர் இன்னும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளின் பல்லே சொல்லும். அனுமதிகளை முன்கூட்டியே பெற்றுவிட்டால் ஒன்றிரண்டு பள்ளிகளுக்கு இரண்டு மாதம் தாராளம். ஓக்லியில் மக்கே கண்டதை நாம் எண்ணிக்கையாகவே காணலாம்.

இந்த வேலைக்கு ஒரு பி.டி.எஸ். மாணவர் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதையே தொழிலாகக் கொள்ளப்போகும் ஹைஜீனிஸ்ட் மாணவர் அவருடன் பள்ளிக்குச் செல்லலாம், எண்ணிக் கொடுக்கலாம், பட்டியலையும் நிரப்பலாம். விண்ணப்பப் படிவத்தில் அவர் பெயரை எழுத ஒரு கட்டம் இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் பேராசிரிய நண்பர்கள் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதலாம்; கேட்க வேண்டியது அந்த ஒரு கட்டத்தைத்தான்.