துணை வருமானம் எங்கே இருக்கிறது? பழனி மலைச் சிறுதோட்டங்களை முன்வைத்து

சிறு விவசாயியின் துணை வருமானம் பற்றிய பேச்சு எப்போதும் தோட்டத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது: கறவை மாடு, தேனீப் பெட்டி, கொடைக்கானல் என்றால் வாடகை அறை. கீழ்ப் பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பகுதிகளில் அது தோட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதும், அதை மீட்பதே முதல் வேலை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அங்கே காப்பி தனிப்பயிர் அன்று. நிழலுக்குச் சில்வர் ஓக் மரமும் பலாவும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, இடையே ஆரஞ்சு, விருப்பாச்சி மலைவாழை என அடுக்கடுக்கான தோட்டம் அது. காப்பி ஆண்டுக்கு ஒருமுறை பணம் தரும், மிளகும் அப்படியே. வாழைத்தாரோ ஆண்டு முழுவதும் வெட்டுக்கு வரும். வீட்டுச் செலவையும் கூலியையும் அது தாங்கியதால் காப்பியையும் மிளகையும் காயவைத்து, விலை பார்த்து விற்க முடிந்தது. பெயருக்குத்தான் வாழை ஊடுபயிர்.

1970-களில் முடிக்கொத்து நோய் பரவி மலைவாழையைச் சூறையாடியது. வாழை அசுவினியும் நோயுற்ற பக்கக்கன்றும் பரப்பும் வைரஸ் இது. பக்கத்துத் தோட்டக்காரர் நோய்கண்ட மரத்தை அழிக்காமல் விட்டால் நம் கவனம் வீண். இழப்பை வாழைக் கணக்கில் மட்டும் எழுதுவது போதாது. கைச்செலவுக்குப் பணமில்லாத குடும்பம் முன்பணம் வாங்கும்; வாங்கினால் காப்பியைப் பழமாகவே வியாபாரியிடம் கொடுத்தாக வேண்டும். காத்திருக்கும் வலிமை போவதே உண்மையான நட்டம்.

மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டு இதற்கு மறுபக்கச் சான்று. புகையூட்டிக் கட்டித் தொங்கவிட்டால் மலைப்பூண்டு பல மாதம் கெடாது. விதைக்கும் விற்பனைக்கும் அதுவே இருப்பு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, நோயுற்ற கன்றைக் குணப்படுத்தாது.

சுற்றுலா அறை வாடகையை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஆயினும் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியும் விடுமுறைக் கூட்டமும் ஒரே சமயத்தில் வருகின்றன. வீட்டில் இருப்பதோ அதே நான்கு கைகள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. மலையின் தாங்குதிறன் கருதி அது சரியான நடவடிக்கையே. ஆனால் அந்த வருமானத்தின் கடிவாளம் உழவர் கையில் இல்லை என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

எனவே மானியத்தின் முன்னுரிமை மாற வேண்டும். நோயற்ற திசுவளர்ப்பு வாழைக்கன்று, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் நோய்மரம் அகற்றல், காப்பிக்கும் மிளகுக்கும் பொதுக் களம்: இவை மூன்றும் முதலில். வாடகை அறைக்கான கடன் அவற்றுக்குப் பிறகு வந்தால் போதும்.