டேப்பும் பெட்டியும்: இணையம் இல்லாத சர்வருக்கு அப்கிரேடு போகும் கதை

டாக்கர் பழகிய யாரிடமாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வீஸை எப்படி அப்கிரேடு செய்வீங்கன்னு கேட்டுப் பாருங்கள். புது இமேஜை இழு, பழைய கன்டெய்னரை நிறுத்து, புதுசை ஓட்டு, ரெண்டு நிமிஷ வேலை என்பார்கள். அந்த "இழு" என்ற சொல்லில் ஒரு கயிறு இருக்கிறது. அதன் மறுமுனை எங்கோ ஒரு இணையக் கிடங்கில் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்து மூலையில் வைஃபை மட்டும் கொடுத்துக்கொண்டு, வெளி இணைப்பே இல்லாமல் ஓடும் சின்ன சர்வர் பெட்டிக்கு அந்தக் கயிறு கிடையாது. அப்போ அங்கே என்ன செய்வது? இதற்குப் பதில் தேடிப் போனால் 1979க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் பெல் ஆய்வகத்திலிருந்து யுனிக்ஸ் 7ஆம் பதிப்பு வந்தது. நம் கதைக்கு வேண்டிய ரெண்டு பொருள் அதில் இருந்தன. ஒன்று சிஎச்ரூட். ஒரு நிரலுக்கு ஏதோ ஒரு அடைவைக் காட்டி, "இதுதான் உன் உலகத்தின் வேர், இதற்கு மேலே ஒன்றுமில்லை" என்று நம்ப வைக்கும் வசதி. இன்றைய கன்டெய்னரின் பாட்டன் இதுதான். இன்னொன்று டார். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி காந்த நாடாவில் எழுதும் கருவி. டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். அன்றைக்கு மென்பொருள் நடந்துதான் போனது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி 1978லிருந்தே டேப்பாகத்தான் மற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களும் ஆஃப்லைன் என்பதால், ஆஃப்லைன் என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவையே அப்போது இல்லை.

சிஎச்ரூட் வளர்ந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். 2000ல் ஃப்ரீபிஎஸ்டி 4.0ல் ஜெயில் வந்தது. 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னல் 2.6.24ல் சிகுரூப்ஸ் சேர்ந்தது, அதே வருஷம் எல்எக்ஸ்சி. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஒரு குட்டி உரையில் டாக்கரைக் காட்டினார்.

பெயரே துறைமுகத்திலிருந்து வந்தது. டாக்கர் என்றால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம், பெட்டியைத் தூக்கி வைத்தால் போதும். டாக்கர் கொடுத்த வாக்குறுதியும் அதேதான். ஆனா 2014ல் டாக்கர் ஹப் வந்தபிறகு அந்தப் பெட்டியை யாரும் கையால் தூக்கவே இல்லை. கயிறு இழுத்தால் வந்துவிடும் என்றாகிவிட்டது. 2020 நவம்பரில், கணக்கு இல்லாமல் இழுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறைதான் என்று ஹப் வரம்பு வைத்தபோதுதான் பலருக்கும் கயிறு இருப்பதே உறைத்தது. ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் முழுக் கல்லூரியும் உட்கார்ந்திருந்தால் அந்த நூறையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊருக்கு இது புதுசில்லை. தொண்ணூறுகளில் பிசிகுவெஸ்ட் இதழோடு வந்த சிடியில்தான் பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தார்கள். பிறகு உபுண்டுவின் ஷிப்இட், 2011 வரை இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. டெபியனில் ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி உண்டு. இணைப்பு இல்லாத கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதித் தரும். அதை இணைப்பு உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், பொட்டலங்களை வாங்கி வரவேண்டும். மளிகைக் கடைக்குச் சீட்டு கொடுத்து அனுப்புவது போலத்தான். டாக்கரில் இந்தச் சீட்டு இல்லை, அது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

கிவிக்ஸை எடுத்துக்கொள்வோம். 2007ல் தொடங்கிய திட்டம், விக்கிப்பீடியாவை ஜிம் என்ற ஒரே கோப்பாக்கி இணையமில்லாமல் படிக்க வைக்கும். பள்ளி, சிறை, கப்பல் என்று பல இடங்களில் ஓடுகிறது. அதன் சர்வர் நிரலைக் கன்டெய்னராகவும் ஓட்டலாம்: நிரல் உள்ளே, ஜிம் கோப்பு வெளியே வட்டில். 2020 வாக்கில் ஜிம் கோப்புகள் பழைய எல்இசட்எம்ஏ சுருக்க முறையிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாறின. பழைய சர்வர் நிரலுக்குப் புதுக் கோப்பைத் திறக்கத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை புது விக்கிப்பீடியாவைச் சுமந்துபோகும் ஆள், நிரலையும் சேர்த்துச் சுமக்கவில்லை என்றால் போன வழி திரும்ப வேண்டியதுதான். அடுத்த முறை போகும்வரை பிள்ளைகளுக்குப் பழைய பதிப்புதான்.

சுமக்கும் வழி என்ன? டாக்கர் சேவ். இணைப்புள்ள கணினியில் இமேஜை ஒரு கோப்பாக எழுதி, பென்டிரைவில் போட்டு, அங்கே டாக்கர் லோடு. அந்தக் கோப்பு என்ன வடிவம் தெரியுமா? டார்! 1979ல் சிஎச்ரூட்டோடு ஒரே பதிப்பில் வந்த அதே டேப் கட்டு. டாக்கர் எக்ஸ்போர்ட் என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது கோப்புகளை மட்டும் தரும், எந்தக் கட்டளையில் தொடங்குவது போன்ற விவரமெல்லாம் போய்விடும்.

நெட்வொர்க்கில் இழுக்கும்போது மாறிய அடுக்குகள் மட்டும் வரும். டாரில் எல்லா அடுக்கும் வரும், சர்வரிடம் ஏற்கெனவே இருந்தாலும் சரி. அது பரவாயில்லை, பென்டிரைவில் இடம் மலிவு. வேறு இடத்தில்தான் அடி விழும். உங்கள் லேப்டாப் இன்டெல் வகை, அங்கே இருப்பது ராஸ்பெர்ரி பை என்றால், இமேஜை இழுக்கும்போதே ஏஆர்எம் வகை வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே போய் லோடு நன்றாகவே நடக்கும், ஓட்டும்போது எக்ஸெக் ஃபார்மட் எரர். பென்டிரைவ் எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது; படங்களோடு கூடிய முழு ஆங்கில விக்கிப்பீடியாவோ 100 ஜிபியைத் தாண்டும். டேப் காலத்து ஆட்கள் கிளம்பும் முன்பே இதையெல்லாம் கேட்டிருப்பார்கள்: அந்தப் பக்கம் என்ன மெஷின், எந்த அடர்த்தி டேப் படிக்கும் என்று. கயிறு வந்தபிறகு அந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் போய்விட்டது. மென்பொருள் தருபவர்களும் "இழுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியோடு ஆவணத்தை முடித்துவிடுகிறார்கள். டார் கோப்பையும், அதன் ஷா-256 எண்ணையும், எந்தத் தரவு வடிவம் மாறியது என்ற குறிப்பையும் சேர்த்து வைக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

லோடு செய்வதே அப்கிரேடு என்று நினைப்பவர்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் பழைய இமேஜில்தான் ஓடும். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அதே பழசுதான். அதை நீக்கிவிட்டு, புது இமேஜிலிருந்து புதுசாக உருவாக்க வேண்டும். தரவு வெளியே வட்டில் இருந்தால் பயமில்லை. கன்டெய்னருக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் நீக்கும்போது அதுவும் போய்விடும். போஸ்ட்கிரெஸ் மாதிரி தரவுத்தளம் என்றால் இன்னொரு சிக்கல்: 15ஆம் பதிப்பு எழுதிய தரவு அடைவில் 16 எழும்பவே எழும்பாது. முதலில் பழையதை வைத்து முழுத் தரவையும் டம்ப் எடுத்தாக வேண்டும்.

அந்தப் பழையது எங்கே இருக்கும்? அதே பெயரில் புது இமேஜை லோடு செய்ததும், பழைய இமேஜ் பெயரை இழந்து, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலில் கிடக்கும். இடம் அடைக்கிறதே என்று யாராவது ப்ரூன் கொடுத்தால் முதலில் போவது அதுதான். அதனால் லோடு செய்யும் முன்னாலேயே பழைய இமேஜுக்குப் பதிப்பு எண்ணோடு இன்னொரு டேக் போட்டு, அதையும் ஒரு டாராக அதே பென்டிரைவில் எழுதி, அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.