கல் கூறும் குடிபெயர்ச்சி

கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டு எழுந்த யூத ஆலயம் மறைந்துவிட்டது. மட்டாஞ்சேரி பரதேசி யூத ஆலயச் சுவரில் பதிந்துள்ள அதன் கல்வெட்டோ குடியேறிய மக்களின் வரலாற்றை இன்றும் உரைக்கிறது. மரங்களின் குடிபெயர்ச்சியையும் கற்கள் உரைப்பதுண்டு.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. வெள்ளம் கொணர்ந்து புதைத்த மரங்கள், மணற்சத்து ஊறிக் கல்லாயின. அவை அடங்கிய கடலூர் மணற்பாறைத் தொகுதியில் குங்கிலியக் குடும்ப மரங்களும் கண்டறியப்பட்டுள்ளன. அக்குடும்பத்தின் பல இனங்கள் இன்று கேரளத்து மழைக்காடுகளில் வாழ்வன. எனவே, சோழமண்டலக் கரையில் அன்று மழை மிக்கிருந்ததென அறிகிறோம்.

ஆப்பிரிக்காவைப் பிரிந்து வந்த இந்திய நிலத்தோடு பயணம் செய்த இக்குலம், ஆசியாவைச் சேர்ந்தபின் மலேயா வரை பரவியது என்பர் அறிஞர். மழை குன்றிய கீழ்க்கரையில் அது அருகியது. மேற்கு மலைகளில் நிலைத்தது. அம்மலைக்காடுகளும் அழியுமாயின், அதற்கப்பால் ஒதுங்க நிலமில்லை, கடலே உண்டு.