சமூகத் தணிக்கை

அரசுப் பணத்தில் நடந்த வேலையின் கணக்கை, அந்த வேலை நடந்த ஊரிலேயே, ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்து, கட்டடத்தோடும் ஆட்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது சமூகத் தணிக்கை எனப்படும். வழக்கமான தணிக்கையாளர் பில்லையும் வவுச்சரையும் அளவுப் புத்தகத்தையும் பார்ப்பார். அவை ஒன்றோடொன்று பொருந்தினால் கணக்கு சரி. ரசீது பத்திரமாக இருக்க, கிணறு மட்டும் காணாமல் போகும் வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சியை (‘கண்ணும் கண்ணும்’, 2008) அறிந்தவர்களுக்கு வழக்கமான தணிக்கையின் ஓட்டையை விளக்க வேண்டியதில்லை.

சமூகத் தணிக்கை முறை ராஜஸ்தானில் உருவானது. சென்னையில் பிறந்தவரும் 1975இல் ஐ.ஏ.எஸ். பணியைத் துறந்தவருமான அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் தேவ்துங்கிரி என்ற சிற்றூரில் மண்குடிசையில் குடியேறினர். 1990 மே 1 அன்று அவர்களின் முயற்சியில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் (உழைப்பாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு) தோன்றியது. வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதற்காக அவர்கள் தொடக்க காலத்திலேயே போராடினர். ‘நீங்கள் செய்த வேலை இவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் இருக்கிறது’ என்றது அரசு அலுவலகம். அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் ரகசியம் என்றது. கூலிக்கான போராட்டம் தகவலுக்கான போராட்டமாக மாறியது இந்த இடத்தில்தான்.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் ‘ஜன் சுன்வாய்’ (மக்கள் விசாரணை) நடந்தது. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்தின் முன் மஸ்டர் ரோல் (வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேடு) பெயர் பெயராக வாசிக்கப்பட்டது. வேலைக்கே போகாதவர்கள் கூலி வாங்கியதாகப் பதிவாகியிருந்தது. கிராமக் கணக்கர் அலுவலகக் கட்டடம் ஒன்று காகிதத்தில் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. நேரில் அதற்குக் கூரை இல்லை. அதைத் தினமும் கடந்துபோகும் மக்களிடம்தான் அந்தப் பில் படிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் விசாரணைகள் நடந்தன.

உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவண நகலை மக்கள் பெறலாம் என்று ராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வராததால், 1996 ஏப்ரல் 6 முதல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. ராஜஸ்தான் மாநிலத் தகவல் உரிமைச் சட்டம் 2000இல் வந்தது. மத்திய தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பலரும் கவனிக்காத ஒன்று: தகவல் என்றால் காகிதம் மட்டுமல்ல. 2(ஜெ) பிரிவின்படி நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம். பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்கலாம். ஊர்ச்சாலையின் தாரையோ பள்ளிக்கூடச் சுவரின் கலவையையோ மனுப்போட்டு வாங்க முடியும் என்பது சிறிய விஷயமல்ல.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவின் மூலம், கிராம சபையே வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011 விதிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை நடத்தச் சொல்லின. ஒருங்கிணைந்த ஆந்திரம் இதற்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. தமிழ்நாட்டிலும் சமூகத் தணிக்கைச் சங்கம் உண்டு. பல துறைத் திட்டங்களுக்கும் பொருந்துமாறு தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் மேகாலயா (2017).

தணிக்கையாளர்கள் முதலில் ஆவணங்களைத் திரட்டி, வீடுவீடாகப் போய்ப் பெயர்களைச் சரிபார்க்கிறார்கள். பிறகு டேப்பைப் பிடித்து வேலையை அளக்கிறார்கள். கூட்டம் கடைசியில்தான். முந்தைய இரண்டும் இல்லாமல் கூட்டத்தை மட்டும் நடத்திக் கையெழுத்து வாங்கினால் அது சடங்கு.

கண்டுபிடிப்பதில் காட்டும் திறமை வசூலிப்பதில் இல்லை என்பது இம்முறையின் பெருங்குறை. கையாடியதாகத் தெரிந்த பணம் அரிதாகவே முழுமையாகத் திரும்பி வருகிறது. சாட்சி சொன்ன கூலியாள் மறுநாளும் அதே ஊரில், அதே தலைவரிடம்தான் வேலை கேட்க வேண்டும். மேலும், தடுப்பணையையும் ஓடைச் சிறுபாலத்தையும் ஊரார் மதிப்பிட முடியும். மேம்பாலத் தூணுக்குள் எவ்வளவு கம்பி இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டிலேயே விலையை ஏற்றுவதும், கான்ட்ராக்டர்கள் தங்களுக்குள் பேசிவைத்து டெண்டர் போடுவதும் கல் நடும் முன்பே முடிந்துவிடும் காரியங்கள். டெண்டர் நடைமுறையை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.