பிறப்பியலில் மிடறும் குரல்நாண்களும்

முன்னுரை
இன்றைய குரலியலைத் தொல்காப்பியப் பிறப்பியல் முன்னரே உரைத்துவிட்டது என்னும் கருத்து ஆய்வுரைகளில் பரவலாக இடம்பெறுகிறது. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குரல் பிறக்கும் முறை
நுரையீரலிலிருந்து எழும் காற்று, குரல்வளையில் நெருங்கிநிற்கும் இரு குரல்நாண்களை அதிரச் செய்கிறது. ஒவ்வோர் அதிர்வையும் நரம்புத் தூண்டலே உண்டாக்குகிறது என்று 1950இல் யூசோன் கருதினார். தசைகள் நாண்களின் நெருக்கத்தையும் இறுக்கத்தையும் அமைக்க, காற்றோட்டமும் நாண்களின் மீள்தன்மையுமே அதிர்வைத் தொடரச் செய்கின்றன என்று 1958இல் வான் டென் பெர்க் விளக்கினார். பின்வந்தோர் இதனையே ஏற்றனர். குரல்வளையின் முன்புறத் தசை சுருங்க, நாண்கள் நீண்டு சுருதி உயர்கிறது. பின்புறத் தசை நாண்களை விலக்க, மூச்சு ஒலியின்றிச் செல்கிறது.

இலக்கண நூல்களின் விளக்கம்
உந்தியில் தோன்றும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்கிறார் தொல்காப்பியர். உயிர் பன்னிரண்டும் மிடற்று வளியால் இசைப்பன என்பதும் அவர் கொள்கை. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் உயிருக்கும் இடையினத்திற்கும் மிடற்றையும், மெல்லினத்திற்கு மூக்கையும், வல்லினத்திற்கு நெஞ்சையும் இடமாக்குகிறது.

உயிரும் இடையினமும் நாண் அதிர்வுடையவை. ஆதலின், நன்னூலார் அதிர்வை அறிந்தே வகுத்தார் எனத் தோன்றலாம். ஆயின் அதிர்வுடைய மெல்லினத்தை அவர் மிடற்றில் வைக்கவில்லை. எனவே அவர் பாகுபாடு அதிர்வு பற்றியதன்று.

வடமொழி ஒப்பீடு
மிடறு குறுகின் நாதமும், விரியின் மூச்சும் பிறக்கும் எனத் தைத்திரீயப் பிராதிசாக்கியம் பிரித்துரைக்கிறது. வடமொழியில் இவ்வேறுபாடு எழுத்தையும் பொருளையும் மாற்றுவது. தமிழில் அவ்வாறன்று. ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற்பகரம் அதிர்வற்றது. மகரத்தை அடுத்த பகரம் அதிர்வுடையது. எனினும் இரண்டும் ஓரெழுத்தே. எழுத்தை வேறுபடுத்தாத ஒன்றை வகுக்கவேண்டிய தேவை தமிழ் இலக்கணத்திற்கு எழவில்லை.

முடிவுரை
காற்றே ஒலிக்கு முதல் என்பதையும் உயிரொலியில் மிடற்றின் பங்கையும் தொல்காப்பியர் தெளிவாகக் கண்டார். குரல்நாண்களையோ தசைகளையோ அவர் சுட்டவில்லை. பிறப்பியல், தன் மொழியின் எழுத்துகளை வகுக்கத் தேவையானவற்றைச் சொன்ன நூற்பகுதி. அதனை உடற்கூற்று நூலாகப் படிப்பது அதன் சிறப்பைக் கூட்டாது, அதன் நோக்கத்தையே மறைக்கும்.